மாடு தெரியாது, வேலி தெரியும்: அப்ஸ்ட்ராக்ட் இன்டர்பிரெட்டேஷன் ஓர் எளிய அறிமுகம்

மென்பொருள் வேலையில் இருப்பவர்களிடம் ஸ்டாட்டிக் அனாலிசிஸ் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "டூல் ஒண்ணும் சொல்லலை, அதனால நிரல் சுத்தம்" என்பார் ஒருவர். "அதுவா? சும்மா சும்மா கத்தும், ஆஃப் பண்ணி வெச்சுட்டோம்" என்பார் இன்னொருவர். இரண்டு பேரையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டூல் பேசாமல் இருந்தால் அதற்கு என்ன பொருள், கத்தினால் என்ன பொருள் என்று இருவருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை என்பதுதான் சிக்கல்.

ஸ்டாட்டிக் அனாலிசிஸ் என்றால் நிரலை ஓட்டாமலே, அதன் வரிகளைப் படித்து ஆராய்வது. அதில் இரண்டு ஜாதி உண்டு. முதலாவது, சந்தேகத்துக்குரிய எழுத்து முறைகளைத் தேடுவது. "இந்த மாறிக்கு மதிப்பே தரவில்லையே", "ஒற்றைச் சமக்குறி போட்டிருக்கிறீர்களே, இரட்டையா வேண்டும்?" என்று கேட்கிற லிண்ட் வகை டூல்கள். நல்ல டூல்கள்தான், ஆனால் கண்ணில் பட்டதை மட்டும் சொல்லும். இரண்டாவது ஜாதி வேறு மாதிரி. "இந்த நிரலுக்கு எந்த உள்ளீடு கொடுத்தாலும், எத்தனை தடவை ஓட்டினாலும், இந்த வரியில் பூஜ்யத்தால் வகுக்கும் பிழை வராது" என்று அடித்துச் சொல்லும். இந்த இரண்டாவது ஜாதிக்கு அடித்தளமாக இருக்கிற கணிதம்தான் அப்ஸ்ட்ராக்ட் இன்டர்பிரெட்டேஷன்.

ஓட்டிப் பார்க்காமல் எப்படி அடித்துச் சொல்ல முடியும்? ஓட்டிப் பார்த்தே அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதே என்று தோன்றும். அது நியாயமான கேள்வி. இரண்டு 32 பிட் எண்களை வாங்கிக்கொள்ளும் ஒரு சின்ன ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு நூறு கோடி ஜோடிகளைச் சோதித்தாலும், எல்லா ஜோடிகளையும் முடிக்க 584 வருஷம் ஆகும். இரண்டு எண்களுக்கே இந்த நிலை.

வேலியும் கிணறும்

ஒரு மேய்ச்சல் நிலம். ஐம்பது மாடுகள் மேய்கின்றன. நிலத்தின் ஓரத்தில் கைப்பிடிச்சுவர் இல்லாத ஒரு பழைய கிணறு. மாடு எதுவும் கிணற்றில் விழாது என்று எப்படி உறுதியாகச் சொல்வீர்கள்?

ஒரு வழி, நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு மாட்டையும் பார்ப்பது. இன்று விழவில்லை. நாளைக்கு? இதுதான் டெஸ்டிங். இன்னொரு வழி, மாடுகளைச் சுற்றி வேலி போடுவது. எந்த மாடு எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். கிணறு வேலிக்கு வெளியே இருந்தால் போதும், மாடு விழாது. இன்றும் விழாது, நாளையும் விழாது.

மாடுகள் என்பவை நிரல் ஓடும்போது மாறிகளுக்குக் கிடைக்கக்கூடிய உண்மையான மதிப்புகள். கிணறு என்பது பிழை. வேலிதான் அப்ஸ்ட்ராக்ட் மதிப்பு. தமிழில் உருவம், அருவம் என்று ஓர் அழகான ஜோடி இருக்கிறது. நிரல் உண்மையில் கையாளும் 7, 42, மைனஸ் 3 போன்றவற்றை உரு மதிப்பு என்போம். 'நேர் எண்', 'இரட்டை எண்', '0 முதல் 100 வரை' போன்று பல உரு மதிப்புகளைச் சேர்த்து வளைத்துக்கொள்ளும் விவரிப்பை அரு மதிப்பு என்போம். நிரலின் ஒவ்வொரு வரியையும் உரு மதிப்புகளுக்குப் பதிலாக அரு மதிப்புகளை வைத்துப் பொருள்கொள்வதுதான் அப்ஸ்ட்ராக்ட் இன்டர்பிரெட்டேஷன்.

வேலி போடுவதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு, அதில் சமரசம் கிடையாது: ஒரு மாடுகூட வேலிக்கு வெளியே நிற்கக் கூடாது. வேலி தேவைக்கு மேல் பெரிதாக இருக்கலாம், சிறிதாக மட்டும் இருக்கவே கூடாது. இந்தச் சட்டத்தைக் காப்பாற்றும் ஆய்வைத்தான் இந்தத் துறையில் சவுண்ட் என்கிறார்கள். அரு மதிப்பு என்றதும் குத்துமதிப்பு என்று நினைத்துவிடுகிறார்கள் பலர். குத்துமதிப்பு இரண்டு பக்கமும் தவறலாம். இது ஒரு பக்கம் மட்டுமே தவறும், அதுவும் பாதுகாப்பான பக்கம்.

மளிகை பில்லில் ஒரு கணக்கு

37 ரூபாய் பொருள் 48 வாங்கினீர்கள். பில்லில் 1,777 ரூபாய் என்று இருக்கிறது. பெருக்கிப் பார்க்காமலே அது தப்பு என்று சொல்லிவிடலாம். 48 இரட்டைப்படை. எதை இரட்டைப்படையால் பெருக்கினாலும் விடை இரட்டைப்படைதான். 1,777 ஒற்றைப்படை. ஆகவே தப்பு.

இங்கே 37, 48 என்ற உரு மதிப்புகளை நீங்கள் தொடவே இல்லை. ஒற்றை, இரட்டை என்ற இரண்டே அரு மதிப்புகளை வைத்து, அவற்றுக்கென்று இருக்கும் ஒரு பெருக்கல் வாய்ப்பாட்டைப் பயன்படுத்தினீர்கள். சரி, பில்லில் 1,778 என்று இருந்தால்? இரட்டைப்படைதான், சோதனையில் தேறிவிடும். ஆனால் சரியான விடை 1,776. தேறியதால் பில் சரி என்று ஆகாது, இந்த வகைத் தப்பு இல்லை என்று மட்டும்தான் ஆகும். "டூல் ஒண்ணும் சொல்லலை" என்பவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

இப்படி எந்த மாதிரி அரு மதிப்புகளைக் கொண்டு கணக்குப் போடப்போகிறோம் என்ற தேர்வுக்கு டொமைன் என்று பெயர். ஒற்றை-இரட்டை ஒரு டொமைன். நேர்-எதிர்-பூஜ்யம் என்ற குறி இன்னொரு டொமைன். குறி டொமைனில் நேர் எண்ணை எதிர் எண்ணால் பெருக்கினால் எதிர் எண், சந்தேகமே இல்லை. ஆனால் நேரும் எதிரும் கூட்டினால்? 5 கூட்டல் மைனஸ் 3 நேர். 3 கூட்டல் மைனஸ் 5 எதிர். அங்கே டொமைன் நேர்மையாக 'எதுவாகவும் இருக்கலாம்' என்று சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்வதற்கென்றே ஒவ்வொரு டொமைனிலும் ஓர் அரு மதிப்பு இருக்கும். அது நிலம் முழுவதையும் வளைத்த வேலி. தப்பில்லை, உபயோகமும் இல்லை.

இதுவரை வந்தது: உரு மதிப்புகளை விட்டுவிட்டு அரு மதிப்புகளில் கணக்குப் போடுகிறோம். எல்லா மாடும் வேலிக்குள் இருந்தாக வேண்டும். வேலி எவ்வளவு நெருக்கமாக வரும் என்பது நாம் தேர்ந்தெடுத்த டொமைனைப் பொறுத்தது.

லூப் வந்தால்?

நடைமுறையில் அதிகம் பயன்படுவது இடைவெளி டொமைன். ஒரு மாறியின் மிகச் சிறிய மதிப்பு, மிகப் பெரிய மதிப்பு இரண்டை மட்டும் வைத்துக்கொள்வது. மாறி 0 முதல் 10 வரை என்றால், அதோடு 5 கூட்டினால் 5 முதல் 15 வரை. சுலபம்தான். ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் வரும்போதுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது.

சுற்று = 0
சுற்று < 100 ஆக இருக்கும் வரை:
    பட்டியல்[சுற்று] = 0
    சுற்று = சுற்று + 1

பட்டியலில் 100 பெட்டிகள், 0 முதல் 99 வரை எண்ணிட்டவை. பெட்டி இல்லாத இடத்தில் எழுதிவிடுவோமா என்பதே கேள்வி.

லூப்பின் வாசலில் நின்று பார்ப்போம். முதல் முறை வரும்போது சுற்றின் மதிப்பு 0. ஒரு தடவை உள்ளே போய் வந்தால் 1. இரண்டையும் ஒரே வேலியில் அடக்கினால் 0 முதல் 1. அடுத்த தடவை 0 முதல் 2. அப்புறம் 0 முதல் 3. இப்படியே போனால் நூறு தடவை வேலியைப் பிடுங்கி நட வேண்டும். 100 என்ற இடத்தில் நூறு கோடி இருந்தால் என்ன செய்வது? எல்லையே உள்ளீட்டிலிருந்து வந்தால்?

இங்கேதான் ஒரு துணிச்சலான உபாயம். வேலி ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகிறது என்று தெரிந்ததும், அந்தப் பக்கத்தை ஒரேயடியாக எல்லையில்லாத தூரத்துக்குத் தள்ளிவிடு: 0 முதல் முடிவிலி வரை. இதற்கு வைடனிங் என்று பெயர். எல்லா மாடும் உள்ளே இருக்கின்றன, சட்டம் மீறப்படவில்லை. இனிமேல் இன்னொரு சுற்றுப் போனாலும் வேலி நகராது. நகராமல் நின்றுவிட்ட அந்த நிலையை நிலைப்புள்ளி என்கிறோம். நிரல் ஓடி முடிய எவ்வளவு நேரம் எடுத்தாலும், ஏன் முடியாமலே ஓடினாலும், ஆய்வு முடிந்துவிடும்.

ஆனால் முடிவிலி வரை என்பது மிக விசாலமான வேலி. இப்போது மெல்ல உள்ளே இழுக்கலாம். லூப்புக்குள் நுழைய 'சுற்று < 100' என்ற நிபந்தனை இருக்கிறதே, அதைத் தாண்டி உள்ளே வந்த மதிப்பு 0 முதல் 99 வரைதான். ஒன்றைக் கூட்டினால் 1 முதல் 100. தொடக்கத்தின் 0ஐச் சேர்த்தால் வாசலில் 0 முதல் 100. இப்படி இழுத்துக் கட்டுவது நாரோயிங். பட்டியலில் எழுதும் வரியில் சுற்று 0 முதல் 99 வரை. பெட்டிகளும் 0 முதல் 99 வரை. பிழை வராது என்று நிரூபித்தாகிவிட்டது. லூப்பை விட்டு வெளியே வரும்போது மதிப்பு 100க்குக் குறையாமல் இருக்க வேண்டும், 100ஐத் தாண்டவும் கூடாது. ஆகவே சரியாக 100. ஒரு தடவைகூட ஓட்டாமல் இதைக் கண்டுபிடித்திருக்கிறோம்.

நிரலை எழுதியவர் கை தவறி 'சுற்று ≤ 100' என்று போட்டிருந்தால், அதே கணக்கு உள்ளே 0 முதல் 100 வரை என்று தரும். 100ஆம் எண் பெட்டி கிடையாது. அலாரம் அடிக்கும், அது உண்மையான அலாரம்.

வைடனிங், நாரோயிங் இரண்டையும் கொண்டுவந்தவர்கள் பாத்ரிக் கூசோ, ராதியா கூசோ என்ற கணவன் மனைவி ஜோடி. பிரான்சின் கிரெனோபிள் நகரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, 1977ல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஒரு மாநாட்டில் இந்தக் கோட்பாட்டை முழு உருவில் வைத்தார்கள். ராதியா துனீசியாவில் பிறந்தவர், 2014ல் காலமானார். அதற்கு முன்பும் நிரல்களை ஆராயும் முறைகள் பல இருந்தன, ஒவ்வொன்றுக்கும் தனி நியாயம். அரு மதிப்புக்கும் உரு மதிப்புக்கும் இடையே என்ன உறவு இருந்தால் ஆய்வை நம்பலாம் என்பதை ஒரே சட்டகத்தில் சொன்னதுதான் இவர்களின் சாதனை.

பொய் அலாரம் ஏன் வருகிறது

இப்போது, "சும்மா கத்தும்" என்ற புகாருக்கு வருவோம். இதைப் பாருங்கள்:

உள்ளீடு > 0 என்றால் திசை = 1
இல்லையென்றால் திசை = -1
விடை = 100 / திசை

திசை ஒருபோதும் பூஜ்யம் ஆகாது என்று உங்களுக்கு உடனே தெரிகிறது. இடைவெளி டொமைனுக்குத் தெரியாது. மைனஸ் 1ஐயும் 1ஐயும் ஒரே வேலியில் அடக்கினால் மைனஸ் 1 முதல் 1 வரை, நடுவில் பூஜ்யமும் மாட்டிக்கொள்கிறது. கிணறு வேலிக்குள் வந்துவிட்டது. மாடு அந்தப் பக்கம் போகவே போகாது, ஆனால் வேலியை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரிய வழியில்லை. அலாரம் அடிக்கிறது. இதுதான் பொய் அலாரம்.

டூல் தப்பாகச் சொல்லிவிட்டதா? இல்லை. "பிழை இருக்கிறது" என்று அது சொல்லவில்லை, "பிழை இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை" என்றுதான் சொன்னது. பெரும்பாலான டூல்கள் இந்த வித்தியாசத்தைத் திரையில் ஒழுங்காகக் காட்டுவதில்லை என்பது என் மனத்தாங்கல். அப்படிக் காட்டியிருந்தால் பாதிப் பேர் ஆஃப் பண்ணியிருக்க மாட்டார்கள்.

பொய் அலாரமே வராத, பிழையைத் தவறவும் விடாத, எப்போதும் முடிந்துவிடுகிற ஒரு டூலை இன்னும் கெட்டிக்காரர்கள் யாராவது எழுதிவிட முடியாதா? முடியாது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஓடி நிற்குமா என்று சொல்லிவிடும் பொதுவான வழிமுறை கிடையாது என்று 1936ல் ஆலன் டூரிங் நிரூபித்தார். நிரலின் நடத்தையைப் பற்றிய சுவாரசியமான கேள்விகள் எல்லாவற்றுக்கும் அதே கதிதான் என்று 1953ல் ஹென்றி ரைஸ் காட்டினார். ஆக, மூன்றில் ஒன்றை விட்டாக வேண்டும். டெஸ்டிங்கும் லிண்ட் வகை டூல்களும் 'தவறவிடாமை'யை விட்டுக்கொடுக்கின்றன. அப்ஸ்ட்ராக்ட் இன்டர்பிரெட்டேஷன் பொய் அலாரத்தைப் பொறுத்துக்கொள்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், அலாரம் இல்லை என்பது நிரூபணம். அலாரம் இருக்கிறது என்பது கேள்வி.

இரண்டு டொமைன்கள் கைகோத்தால்

பொய் அலாரத்தைக் குறைக்க ஒரு வழி, ஒரு டொமைனுக்குத் தெரிந்ததை இன்னொன்றின் காதில் போடுவது. எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இது:

மீதி = 10
மீதி பூஜ்யமாக இல்லாத வரை:
    மீதி = மீதி - 2

மீதி எதிர் எண் ஆகாது என்று நிரூபிக்க வேண்டும். முதலில் இடைவெளி மட்டும். வைடனிங்குக்கு அவசரப்படாமல் சில சுற்றுகள் பொறுமையாகப் போகலாம். 8 முதல் 10, 6 முதல் 10 என்று விரிந்து, வாசலில் 0 முதல் 10 வரை வருகிறது. பூஜ்யமாக இல்லை என்ற நிபந்தனையைத் தாண்டினால் 1 முதல் 10. இரண்டைக் கழித்தால் மைனஸ் 1 முதல் 8. அவ்வளவுதான், வேலி பூஜ்யத்துக்குக் கீழே வழுக்கிவிட்டது. அப்புறம் பிடித்து நிறுத்த ஆளில்லை, கீழ்நோக்கி முடிவிலி வரை போகும்.

ஒற்றை-இரட்டை டொமைன் மட்டும் இருந்தால்? மீதி எப்போதும் இரட்டைப்படை என்று தெரியும். எவ்வளவு பெரியது, எவ்வளவு சிறியது என்று எதுவும் தெரியாது.

இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். வாசலில் 0 முதல் 10 வரை, இரட்டைப்படை. பூஜ்யம் இல்லை என்றதும் இடைவெளி 1 முதல் 10 என்கிறது. உடனே ஒற்றை-இரட்டை குறுக்கிடுகிறது: "1 ஒற்றைப்படையாச்சே, அது வர முடியாது". வேலி 2 முதல் 10 என்று இறுகுகிறது. இரண்டைக் கழித்தால் 0 முதல் 8. தொடக்கத்தின் 10ஐச் சேர்த்தால் மறுபடி 0 முதல் 10. வேலி நகரவில்லை, நிலைப்புள்ளி கிடைத்துவிட்டது. மீதி எதிர் எண் ஆகாது. தனித்தனியாக இரண்டுக்கும் எட்டாத முடிவு, மளிகை பில்லில் பார்த்த அதே எளிய டொமைன் ஒரு வார்த்தை சொன்னதும் கிடைத்துவிட்டது.

பெரிய அளவிலும் இதே வழிதான். பாரிஸின் எகோல் நார்மால் சுப்பெரியர் கல்வி நிறுவனத்தில் 2001ல் கூசோ குழுவினர் அஸ்த்ரே என்ற அனலைசரை எழுதத் தொடங்கினார்கள். விமானி நகர்த்தும் கட்டுப்பாட்டுக்கும் இறக்கைக்கும் நடுவில் கணினி உட்கார்ந்திருக்கும் ஏர்பஸ் ஏ340 விமானத்தின் முதன்மைக் கட்டுப்பாட்டு மென்பொருள்தான் இலக்கு. இடைவெளி போதவில்லை. இரண்டு மாறிகளுக்கு இடையேயான உறவைப் பிடிக்க எண்கோண வடிவ வேலி, சென்சார் அளவுகளைச் சீராக்கும் டிஜிட்டல் ஃபில்டர்களுக்கு நீள்வட்ட வடிவ வேலி என்று, பொய் அலாரம் அடித்த இடத்துக்கு ஏற்றபடி டொமைன்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 2003 நவம்பரில் சி மொழியில் இருந்த 1,32,000 வரிகளையும் ஆராய்ந்து, ஓடும்போது வரும் பிழை எதுவும் இல்லை என்று அஸ்த்ரே முழுத் தானியங்கியாக நிரூபித்தது. 2.8 கிகாஹெர்ட்ஸ் சாதாரணக் கணினியில் 1 மணி 20 நிமிடம், 300 மெகாபைட் நினைவகம். பொய் அலாரம் ஒன்றுகூட இல்லை.

ஓடும்போது வரும் பிழை என்ற சொற்களைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள். பூஜ்யத்தால் வகுத்தல், பட்டியலின் எல்லையைத் தாண்டுதல், எண் அதன் பெட்டிக்குள் அடங்காமல் போதல் ஆகியவை அதில் அடங்கும். விமானம் சரியான திசையில் போகுமா என்பது அடங்காது. அது வேறு கேள்வி, அதற்கு வேறு சோதனை.

வேலியை எங்கே தொடங்குவது

கடைசியாக ஒன்று. வேலியின் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், தொடக்கத்தில் மாடுகள் எங்கே நின்றன என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. சுமார் 40 நொடிகளில், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் பாதை விலகி வெடித்துச் சிதறியது. காரணம் ஒரு எண் மாற்றம். கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி அது. எதிர் எண்களுக்கும் இடம் விட்டால், 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. வந்த எண் அதைவிடப் பெரியது.

இது அப்பட்டமான இடைவெளிக் கேள்வி: இந்த வரியில் இந்த மாறி 32,767ஐத் தாண்டுமா? பொறியாளர்கள் இதை யோசிக்காமல் இல்லை. இப்படி ஆபத்துள்ள 7 மாறிகளை இனம் கண்டு, 4க்குப் பாதுகாப்புப் போட்டார்கள், கணினியின் பளு கூடிவிடக் கூடாது என்று 3ஐ விட்டுவிட்டார்கள். ஆனால் இந்த நிரல் முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4லிருந்து அப்படியே எடுத்து வந்தது. அந்த 3ம் எல்லை தாண்டாது என்ற கணக்கு ஏரியான் 4 பறக்கும் பாதைக்குச் சரி. ஏரியான் 5 கிளம்பிய கையோடு கிடைமட்ட வேகம் அதைவிட எவ்வளவோ அதிகமாகிவிடும். மாடுகள் புதியவை, வேலி பழையது. பிறகு பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் உருவான ஒரு அனலைசரைக் கொண்டு ஏரியான் நிரல்களை ஆராய்ந்தார்கள். அந்த முயற்சியிலிருந்து கிளைத்ததுதான் இன்று பல தொழிற்சாலைகளில் ஓடும் பாலிஸ்பேஸ் என்ற டூல்.

அதனால், இப்படி ஒரு டூலைக் கையில் எடுக்கும்போது முதலில் செய்ய வேண்டியது உள்ளீடுகளின் எல்லைகளை நிரலிலேயே எழுதிவைப்பது. 'இந்த வேகம் இவ்வளவுக்குள்' என்று ஒரு அசர்ட் வரி போதும். எழுதிவைத்தால் டூல் அதை வைத்து வேலியைத் தொடங்கும், நாளைக்கு வேறு ராக்கெட்டில் அந்த நிரலைப் பொருத்துகிறவர் கண்ணிலும் படும். ஏரியான் 5 விபத்தை விசாரித்த குழு அந்த நிரலைப் பிரித்துப் பார்த்தபோது, 3 மாறிகளை ஏன் பாதுகாக்காமல் விட்டார்கள் என்ற காரணம் மூல நிரலில் எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை.